ஹோஸ்ட் செர்வரில் தானாக ஓஎஸ் போடுவது, நெட்வொர்க் அமைப்பது: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கஞ்சிக்கோட்டுக்குப் பைக்கில் போய்வருகிறவன் நான். அங்கே சில தொழிற்சாலைகளுக்கும், வாளையார் தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டு மூன்று அலுவலகங்களுக்கும் செர்வர் வேலை பார்க்கிறேன். விர்ச்சுவல் மெஷின்களை (ஒரு செர்வருக்குள் மென்பொருளாக ஓடுகிற தனித்தனிக் கணினிகள், சுருக்கமாக விஎம்) தாங்குகிற ஹோஸ்ட் செர்வர்களில் கையால் ஓஎஸ் போடுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து போனிலும் டீக்கடையிலும் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். பாதிப் பேர் மலையாளம் கலந்து கேட்டார்கள், அதை மட்டும் தமிழாக்கிவிட்டேன்.

மூணே மூணு செர்வர்தான் வச்சிருக்கேன், கையால போட்டா ஒண்ணுக்கு அரை மணி நேரம். இதுக்குப் போய் ஆட்டோமேஷனாண்ணா?

நேரக் கணக்கு பார்த்தால் உங்களுக்கு நஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றில் ஸ்டோரேஜ் விலான் (ஒரே ஸ்விட்சுக்குள் எண் போட்டுப் பிரிக்கிற தனி நெட்வொர்க்) 30, அடுத்ததில் யாரோ அவசரத்தில் 31 என்று அடித்திருப்பார்கள், மூன்றாவதில் கடிகாரத்தைச் சரியாக வைக்கிற என்டிபி போடவே மறந்திருக்கும். ஒரு விஎம்மை இங்கிருந்து அங்கே நகர்த்துகிற அன்றைக்குத்தான் இதெல்லாம் வெளியே வரும், அதுவும் நல்ல நேரத்தில் வராது.

பூட் டிஸ்க் போய்விட்டது, புது டிஸ்க் மாட்டியாச்சு, இப்போது அந்த ஹோஸ்ட் பழையபடி வரவேண்டும் என்கிற ராத்திரியில் எழுதி வைத்த ஒரு ஃபைல் இருப்பதற்கும் ஞாபகத்தை நம்பி உட்கார்வதற்கும் இருக்கிற வித்தியாசத்துக்காகத்தான் நான் செய்கிறேன். மூன்று செர்வருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு செர்வர்ல நல்லா போட்டுட்டு டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதே?

முடியாது. ஓஎஸ் போடும்போதே அந்த மெஷினுக்கு மட்டும் உரிய சில அடையாளங்கள் உருவாகின்றன: தொலைவிலிருந்து லாகின் ஆக உதவுகிற எஸ்எஸ்ஹெச்சின் சாவிகள், சான்றிதழ், மெஷின் ஐடி போன்றவை. குளோன் செய்தால் இரண்டு மெஷினும் ஒரே ஆள் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். விஎம்வேரின் ஹோஸ்ட் ஓஎஸ்ஸான இஎஸ்எக்ஸ்ஐயில் இன்னும் மோசம், நிர்வாக இடைமுகத்தின் எம்ஏசி முகவரியும் (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) கூடவே நகல் ஆகிவிடும், இரண்டையும் ஒரே ஸ்விட்சில் மாட்டினால் ஒன்று வரும்போது மற்றது போகும். ஒரு மதியம் முழுக்க கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இது.

தானாகப் போடுவது என்றால், இன்ஸ்டாலர் கேட்கிற கேள்விகளுக்கு முன்கூட்டியே ஒரு ஃபைலில் பதில் எழுதி வைப்பது, அவ்வளவுதான். இஎஸ்எக்ஸ்ஐயில் அதற்குக் கிக்ஸ்டார்ட் ஃபைல் என்று பெயர், அதேபோன்ற இன்னொரு ஹோஸ்ட் ஓஎஸ்ஸான ப்ராக்ஸ்மாக்ஸில் ஆன்சர் ஃபைல்.

இஎஸ்எக்ஸ்ஐ போடறதா, ப்ராக்ஸ்மாக்ஸ் போடறதா? ஒண்ணு சொல்லுங்க.

உங்கள் பணம், உங்கள் முடிவு. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது, 2024 தொடக்கத்தில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தினார்கள், 2025இல் மறுபடி கொடுத்தார்கள். இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நம் பக்கத்துச் சின்ன கம்பெனிகள் நிறைய ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் வந்துவிட்டன. ஆன்சர் ஃபைல் வசதி ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2இல், 2024 ஏப்ரலில்தான் வந்தது, அதற்கு முந்தைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்கின் ஃபைல்) வைத்திருந்தால் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். கீழே இரண்டுக்கும் பொதுவாகவே சொல்கிறேன், மாறுகிற இடத்தில் மட்டும் பெயர் சொல்லுவேன்.

பென்டிரைவ்ல போடறதா, நெட்வொர்க் பூட்டா, ஐடிராக் வழியாவா? எது லேசு?

லேசு பென்டிரைவ்தான், ஆபத்தும் அதில்தான் (ஏன் என்று கரண்டு போன கதையில் வரும்). நெட்வொர்க் பூட் என்றால் பிஎக்ஸ்இ. டிஹெச்சிபி செர்வர் ஐபியும் கொடுத்து, எந்த ஃபைலை எங்கே போய் எடுக்க வேண்டும் என்றும் சொல்லும், மெஷின் போய் எடுத்துக்கொள்ளும். இஎஸ்எக்ஸ்ஐக்கு இது நன்றாகப் பொருந்தும், பூட் ஃபைலிலேயே கிக்ஸ்டார்ட் இருக்கிற முகவரியை எழுதிவிடலாம்.

ப்ராக்ஸ்மாக்ஸுக்கு எனக்குப் பிடித்தது வேறு: ஐஎஸ்ஓவை அவர்கள் கொடுக்கிற உதவிக் கருவியால் ஒருமுறை தயார் செய்துவிட்டு, அதை ஐடிராக் அல்லது ஐலோ (டெல், ஹெச்பி செர்வர்களைத் தொலைவிலிருந்தே இயக்க உள்ளேயே இருக்கிற சின்ன நிர்வாகக் கணினி) வழியாக விர்ச்சுவல் டிவிடி போல மாட்டுவது. இவற்றுக்கு ஸ்கிரிப்டால் கட்டளை கொடுக்க ரெட்ஃபிஷ் என்கிற பொது முறை இருப்பதால், மாட்டு, இந்த ஒரு தடவை மட்டும் அதிலிருந்து பூட் ஆகு, ரீஸ்டார்ட் ஆகு என்ற மூன்றையும் ஸ்கிரிப்டில் எழுதலாம். ஐடிராக்கில் இதற்கு என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேண்டும், பழைய செர்வர் வாங்கும்போது விற்கிறவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் தனியாக வாங்கினால் கசக்கும்.

பத்து மெஷின் ஒரே நேரத்துல பூட் ஆகுது, எதுக்கு எந்த ஐபின்னு அதுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த வேலை முழுக்க இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: மெஷினின் சீரியல் நம்பர், முதல் நெட்வொர்க் போர்ட்டின் எம்ஏசி, வைக்கப்போகிற பெயர், ஐபி, விலான், பூட் டிஸ்கின் சீரியல், ஸ்விட்சில் எந்தப் போர்ட். ஒரு மெஷினுக்கு ஒரு வரி. ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலரை வெப் முகவரியிலிருந்து பதில் எடுக்கச் சொன்னால், அது தன் எம்ஏசி முகவரிகளையும் சீரியல் நம்பரையும் அனுப்பிவிட்டுத்தான் ஆன்சர் ஃபைலைக் கேட்கும். நம் பக்கம் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் பட்டியலைப் பார்த்து அந்த மெஷினுக்கு உரிய பதிலைக் கொடுக்கும். பட்டியலில் இல்லாத மெஷின் கேட்டால் பதிலே கிடையாது.

ஸ்கிரிப்ட் எழுத எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது, பட்டியலைச் சரியாக்க மூன்று நாள். டெல் செர்வரின் முன்பக்கம் நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை இழுத்தால் வெளியே வரும், அதில் ஐடிராக்கின் எம்ஏசி பொடி எழுத்தில் இருக்கும், ரேக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் 8ம் பியும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு எழுத்து மாறியதால் ஒரு மெஷின் வரவே இல்லை, ஸ்கிரிப்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் கண்ணால் படிப்பதில்லை, ஐடிராக்கைத் திறந்து ரெட்ஃபிஷ் வழியாக எல்லா போர்ட்டின் எம்ஏசியையும் இழுத்துப் பட்டியலில் ஒட்டிவிடுவேன். அந்த அட்டையில் இருப்பது நிர்வாகப் போர்ட்டின் எம்ஏசி, பூட் ஆகிற போர்ட்டுடையது வேறு. புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் தவறாமல் விழுகிற குழி இது.

தப்பான டிஸ்க்ல போட்டு டேட்டாவை அழிச்சிடுமா?

அழிக்கும், கேட்காமலே அழிக்கும். கேட்கக் கூடாது என்றுதானே அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கிக்ஸ்டார்ட்டில் முதல் டிஸ்கில் போடு, இருக்கிற டேட்டாஸ்டோரை (விஎம் ஃபைல்கள் இருக்கிற இடம்) மேலெழுது என்ற வரியை எங்கிருந்தோ காப்பியடித்துப் போட்டுவிட்டு, முதல் டிஸ்க் எது என்று யோசிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ப்ராக்ஸ்மாக்ஸில் எஸ்டிஏ என்று டிஸ்கின் பெயரை எழுதுவதும் அதே தப்பு, ஏனென்றால் அந்தப் பெயர் பூட்டுக்குப் பூட்டு மாறலாம். பேக்கப்புக்காகப் பின்னால் செருகியிருந்த 4 டிபி யூஎஸ்பி டிஸ்க் எஸ்டிஏ ஆகி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை அது காலியாக இருந்தது.

டிஸ்கின் சீரியல் நம்பரையோ மாடலையோ வைத்து வடிகட்டச் சொல்லுங்கள், இரண்டு இன்ஸ்டாலரிலும் ஏதோ ஒரு வழி உண்டு. பழைய ஹோஸ்டைத் திரும்பப் போடும்போது நான் இன்னொன்றும் செய்வேன், டேட்டா டிஸ்க்குகளை ஒரு அங்குலம் வெளியே இழுத்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவேன். பழைய ஆள் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஸ்விட்ச்ல லைட் எரியுது, கேபிளும் புதுசு, ஆனா டிஹெச்சிபி கிடைக்கலன்னு நின்னுடுது. திரும்ப முயற்சி பண்ணா சில நேரம் வருது.

சில நேரம் வருது என்று சொன்னதுமே ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் ஸ்விட்ச் பார்த்துக்கொள்கிற முறை) என்றுதான் சந்தேகப்படுவேன். பழைய முறை ஸ்பானிங் ட்ரீ ஓடுகிற ஸ்விட்சில் ஒரு போர்ட் உயிர்பெற்றதும் 15 செகண்டு கேட்கும், 15 செகண்டு கற்கும், அதற்கப்புறம்தான் பாக்கெட்டை விடும். அந்த 30 செகண்டுக்குள் பிஎக்ஸ்இ அலுத்துப்போய்க் கைவிட்டுவிடும். செர்வர் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிற போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீர்ந்தது.

போர்ட்ஃபாஸ்ட் ஏற்கெனவே இருக்கிறது என்றால் விலானைப் பாருங்கள். பூட் ஆகிற நிலையில் மெஷின் பெரும்பாலும் டேக் (விலான் எண்) இல்லாமல்தான் பேசும், ஆகவே அந்தப் போர்ட்டின் நேட்டிவ் விலானில் (டேக் இல்லாத பாக்கெட் போய்ச் சேருகிற விலான்) டிஹெச்சிபி கிடைக்க வேண்டும். டிஹெச்சிபி செர்வர் வேறு விலானில் இருந்தால் கோரிக்கையை அங்கே கடத்திவிட ரவுட்டரில் ரிலே வேண்டும்.

ரெண்டு கேபிளை எல்ஏசிபியில சேர்த்து வச்சிருக்கோம். அதுக்கப்புறம் நெட்வொர்க் பூட்டே ஆகல.

முட்டையா கோழியா கதை இது. எல்ஏசிபி என்பது பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்க ஸ்விட்சும் மெஷினும் பேசிக்கொள்கிற முறை. ஸ்விட்ச் அந்த இரண்டு போர்ட்டையும் எல்ஏசிபி பேசினால்தான் திறப்பேன் என்று பூட்டி வைத்திருக்கிறது, மெஷினோ ஓஎஸ் ஏறின பிறகுதான் எல்ஏசிபி பேசும், ஓஎஸ் ஏற நெட்வொர்க் வேண்டும். எல்ஏசிபி பேசாவிட்டாலும் ஒற்றைப் போர்ட்டாக வேலை செய் என்று ஸ்விட்சில் சொல்ல வழி இருக்கிறது. அரிஸ்டாவில் எல்ஏசிபி ஃபால்பேக் என்பார்கள், சிஸ்கோ நெக்ஸஸில் தனிப் போர்ட்டை முடக்கி வைக்கிற வழக்கத்தை அணைக்க வேண்டும்.

அதெல்லாம் இல்லாத ஸ்விட்ச் என்றால் எல்ஏசிபியை மறந்துவிட்டு ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க என்ற முறையில் பாண்டிங் (இரண்டு போர்ட்டை ஒன்றாகச் சேர்ப்பது) போடுங்கள், ஸ்விட்சில் ஒன்றுமே செய்ய வேண்டாம். இஎஸ்எக்ஸ்ஐக்காரர்கள் கவனிக்க: ஹோஸ்டுக்குள் மென்பொருளாக இருக்கிற சாதாரண விஸ்விட்சில் எல்ஏசிபி கிடையாது, பல ஹோஸ்டுக்கும் பொதுவான டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில்தான் உண்டு.

கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு மாட்டினேன், ஹோஸ்ட் நெட்வொர்க்ல இருந்தே காணாமப் போச்சு. கார்டுக்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம் சேட்டா?

லினக்ஸில் நெட்வொர்க் போர்ட்டின் பெயர் அது மதர்போர்டில் கார்டுகள் இணைகிற பிசிஐயில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து வருகிறது. புதுக் கார்டு ஏறினால் எண்கள் நகர்ந்து, நேற்று 3 என்று முடிந்த பெயர் இன்று 4 ஆகிவிடும். உங்கள் பிரிட்ஜ் (விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கிற மென்பொருள் ஸ்விட்ச்) இன்னும் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கும். கெர்னல் அப்டேட்டிலும் இது நடப்பதுண்டு.

மருந்து, எம்ஏசியை வைத்துப் பெயரை நாமே நிலையாகக் கட்டிவிடுவது. லினக்ஸைத் துவக்கி நடத்துகிற சிஸ்டம்டியில் அதற்கு லிங்க் ஃபைல் உண்டு, ப்ராக்ஸ்மாக்ஸ் 9இல் இதற்கென்றே ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். எம்ஏசிதான் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதே, அதிலிருந்தே இந்த ஃபைலையும் எழுதவைத்துவிடுங்கள். நான் நிர்வாகம், ஸ்டோரேஜ், விஎம் என்று வேலையை வைத்தே போர்ட்டுக்குப் பெயர் கொடுக்கிறேன். இரவு பதினொரு மணிக்குப் போனில் ஒருவருக்கு விளக்கும்போது அதன் அருமை தெரியும்.

பிரிட்ஜ், பாண்டு, விலான் எல்லாத்தையும் இன்ஸ்டாலர்லயே முடிச்சிட முடியுமா?

முடியாது, முயற்சியும் வேண்டாம். ப்ராக்ஸ்மாக்ஸ் இன்ஸ்டாலர் ஒரு போர்ட், அதன் மேல் ஒரு பிரிட்ஜ், ஒரு ஐபி, அதோடு நிறுத்திக்கொள்ளும். இஎஸ்எக்ஸ்ஐயும் நிர்வாக நெட்வொர்க் வரைதான். மீதியை முதல் பூட்டில் ஓடுகிற ஸ்கிரிப்டில் செய்யலாம், ப்ராக்ஸ்மாக்ஸ் 8.3 முதல் அதற்கு இடம் உண்டு. இஎஸ்எக்ஸ்ஐயில் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடுகிற பாதுகாப்பு) போட்டிருந்தால் இந்த முதல் பூட் பகுதி ஓடவே ஓடாது, கிக்ஸ்டார்ட் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

நான் இன்ஸ்டாலரிடம் குறைந்தபட்சம் மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை, பல மெஷின்களில் அமைப்புகளைத் தானாகப் போடுகிற ஆன்சிபிள் என்ற கருவியிடம் விட்டுவிடுகிறேன். காரணம், ஓஎஸ் போடுவது ஒரு நாள் கூத்து, நெட்வொர்க் வருஷம் முழுக்க மாறும். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட் மட்டும். புது அமைப்பை ஏற்றுவதற்கு முன்னால், ஐந்து நிமிஷத்தில் பழைய ஃபைலைத் திரும்பப் போட்டு நெட்வொர்க்கை ரீலோடு செய் என்று ஒரு டைமரைப் பின்னணியில் ஓடவிடுவேன். திரும்ப லாகின் ஆக முடிந்தால் டைமரை நிறுத்துவேன், முடியாவிட்டால் அது தன்னால் பழைய நிலைக்கு வந்துவிடும். கோயம்புத்தூர் ஹோஸ்டைக் கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்து மாற்றுகிறவனுக்கு இந்த டைமர்தான் காவல்தெய்வம்.

ரூட் பாஸ்வேர்டை ஃபைல்ல எழுதி வைக்கறது தப்பில்லையா?

தப்புதான். இரண்டு முறையிலும் பாஸ்வேர்டின் ஹாஷை (அசலைத் திரும்ப எடுக்கக் கடினமான மாற்றுருவம்) மட்டும் எழுதலாம், அப்படியே எழுதுங்கள். ஹாஷ் இருந்தாலும் அந்த ஃபைலை எல்லாரும் எடுக்கும்படி விடக்கூடாது, இன்ஸ்டால் செய்கிற விலானைத் தனியாக வையுங்கள், வேலை முடிந்ததும் ஆன்சிபிள் வழியாகப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் வைத்தால் நல்லது, ஆனால் மதர்போர்டு பேட்டரி செத்த பழைய மெஷின் என்றால் தேதி எங்கோ பின்னால் கிடக்கும், சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று மறுக்கும். இருபது ரூபாய்ச் சமாச்சாரத்துக்காக ஒரு மணி நேரம் போகும்.

ஸ்டோரேஜ் நெட்வொர்க்ல 9000 எம்டியூ போட்டேன். பிங் போகுது, ஆனா டிஸ்க் தொங்குது.

எம்டியூ என்பது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சாதாரண பிங் சின்ன பாக்கெட், அது எதையும் காட்டிக்கொடுக்காது. பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லி 8972 பைட் அளவில் பிங் அடியுங்கள். 9000இல் 20 ஐபி தலைப்புக்கு, 8 ஐசிஎம்பி தலைப்புக்கு, மீதி அது. போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு ஸ்விட்ச் போர்ட் இன்னும் 1500இல் இருக்கிறது. இந்தச் சோதனையையும் ஆன்சிபிளில் கடைசி வேலையாகச் சேர்த்துவிட்டேன், தேறாத ஹோஸ்டில் விஎம் ஏறாது.

இன்ஸ்டால் நடுவுல கரண்டு போனா என்ன ஆகும்?

நடுவில் போனால் ஒன்றுமில்லை, மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளும். முடிந்த பிறகு போவதுதான் பயம்.

துலா மாச மழையில் ஒரு சாயங்காலம், கணவாய்ப் பக்கம் இடி. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் நானே காலையில் ஆன்சர் ஃபைல் உள்ளே வைத்த பென்டிரைவால் ஒரு ஹோஸ்ட் போட்டுவிட்டு, பென்டிரைவை எடுக்க மறந்து வந்துவிட்டேன். பயாஸின் பூட் வரிசையில் யூஎஸ்பி முதலில் இருந்தது. கரண்டு போய் யூபிஎஸ்ஸும் அடங்கி, திரும்ப வந்தபோது மெஷின் பென்டிரைவிலிருந்து எழுந்தது. தானியங்கி இன்ஸ்டால் மெனு 10 செகண்டு காத்திருக்கும், யாரும் விசையைத் தொடவில்லை, சமர்த்தாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டது. போட்டு முடித்து ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி பென்டிரைவ், மறுபடி இன்ஸ்டால். காலையில் போய்ப் பார்க்கிறவரை எத்தனை தடவை போட்டதோ. அதில் சோதனைக்கு வைத்த மூன்று விஎம்கள் மட்டும் இருந்ததால் என் வேலை தப்பித்தது.

அதற்கப்புறம்தான் மேலே சொன்ன வெப் முறைக்கு முழுதாக மாறினேன். பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் போடலாமா என்று ஒரு கட்டம், நான் ஆமாம் என்று மாற்றினால்தான் ஸ்கிரிப்ட் பதில் தரும். முதல் பூட் முடிந்ததும் ஹோஸ்ட் தானே ஒரு தகவல் அனுப்பி அந்தக் கட்டத்தை இல்லை என்று மாற்றிவிடும். பிஎக்ஸ்இ என்றாலும் இதே கதைதான், வழக்கமான பதில் எப்போதும் உன் டிஸ்கிலிருந்தே பூட் ஆகு என்று இருக்கட்டும்.

கிளஸ்டர்ல சேர்க்கறதையும் தானா பண்ணிடலாமா?

பண்ணலாம், நான் பண்ணுவதில்லை. கிளஸ்டர் என்றால் பல ஹோஸ்டுகளை ஒரே கூட்டமாகச் சேர்த்து நிர்வகிப்பது. ப்ராக்ஸ்மாக்ஸில் சேர வருகிற ஹோஸ்டில் விஎம் எதுவும் இருக்கக்கூடாது, சேர்ந்த பிறகு பெயரையோ ஐபியையோ மாற்றுவது பெரும்பாடு. பட்டியலில் ஒரு தப்பு இருந்தால் பிடிக்கக் கடைசி வாய்ப்பு அதுதான், அந்த ஒரு நிமிஷம் என் கண் பார்க்கட்டும் என்று கையாலேயே சேர்க்கிறேன். இரண்டே ஹோஸ்ட் வைத்துக் கிளஸ்டர் போடுகிறவர்கள் ஒன்று போனாலும் பெரும்பான்மை இருக்கும்படி மூன்றாவது ஓட்டுக்கு ஒரு கியூடிவைஸ் வைத்துக்கொள்ளுங்கள், பழைய குட்டி பிசி போதும்.

எங்களுக்கு கஞ்சிக்கோட்ல ஒரு யூனிட், வாளையாருக்கு அந்தாண்ட கோயம்புத்தூர்ல ஒரு யூனிட். நடுவுல விபிஎன். ஒரே இடத்துல இருந்து ரெண்டுக்கும் போடலாமா?

பட்டியலும் பதில் கொடுக்கிற ஸ்கிரிப்டும் ஒரே இடத்தில் இருக்கலாம், அவை சில கிலோபைட்தான். இமேஜை (இன்ஸ்டாலர் ஃபைலை) மட்டும் விபிஎன் வழியாக டிஎஃப்டிபி என்கிற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் இழுக்காதீர்கள். டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் அனுப்பும், வந்தது என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த 512. இமேஜ் 300 எம்பி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 6 லட்சம் தடவை போய்வர வேண்டும். போய்வர 20 மில்லி செகண்டு என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல். துண்டின் அளவைக் கூட்டலாம், ஆனாலும் பிஎக்ஸ்இயின் மேம்பட்ட வடிவமான ஐபிஎக்ஸ்இ போட்டு ஹெச்டிடிபியில் எடுப்பதுதான் சரி. அதைவிட நல்லது, அந்தப் பக்கம் ஒரு சின்ன பெட்டியில் இமேஜின் நகலை வைத்துவிடுவது.

இரண்டு யூனிட்டையும் ஒரே கிளஸ்டராகக் கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். கிளஸ்டரின் ஹோஸ்டுகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுகிற கோரோசிங்குக்கு ஹோஸ்டுகளுக்கு நடுவே தாமதம் 5 மில்லி செகண்டுக்குள் வேண்டும், இன்டர்நெட் விபிஎன்னில் அது எப்போதும் நிற்கும் என்று நம்ப முடியாது. இரண்டு தனிக் கிளஸ்டர், ஒரே பட்டியல். எந்த யூனிட் என்று ஒரு கட்டத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.